பிரைமரியில் கட்சி சாராதவருக்கு இடம் வேண்டுமா? எக்ஸ்டன் சகோதரிக்கு ஒரு பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பென்சில்வேனியா மாநிலத்தில் மே மாதப் பிரைமரியில், அதாவது நவம்பர் பொதுத் தேர்தலுக்குக் கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்ட வாக்கெடுப்பில், வாக்களிக்கப் போன உங்கள் கணவரை, எந்தக் கட்சியின் பெயரிலும் பதிந்திருக்கவில்லை என்று சொல்லி வாக்குச்சாவடியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். குடியுரிமையும் பெற்று வரியும் கட்டுகிற ஒருவரை இப்படி அனுப்புவது என்ன நியாயம், கட்சி பார்க்காமல் எல்லா வாக்காளர்களுக்கும் பிரைமரியைத் திறந்துவிட்டால் என்ன, நாளை உங்களுக்குக் குடியுரிமை கிடைக்கும்போது படிவத்தில் கட்சிக்கான கட்டத்தில் எதைக் குறிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் டெக்சஸிலும் பிறகு நியூ ஜெர்சியிலும் வாக்களித்து வருகிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். கட்சி சாராத வாக்காளருக்குப் பிரைமரியில் இடம் தந்தே ஆகவேண்டும். ஒரு கட்சியில் பதிந்தவர் அந்தப் பதிவை வைத்துக்கொண்டே மற்றக் கட்சியின் பிரைமரியிலும் வாக்களிக்கலாம் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. அவர் கட்சி மாற நினைத்தால் அதற்கான காலக்கெடு நியாயமானதாக இருந்தால் போதும்.

ஊரிலிருந்து வருகிற நமக்கு இந்த ஏற்பாடு பிடிபடச் சற்று நேரம் ஆகும். தமிழ்நாட்டில் வேட்பாளராக விரும்புகிறவர் கட்டணம் செலுத்தி விருப்ப மனு கொடுக்கிறார், நேர்காணலுக்குப் போகிறார், கடைசியில் தலைமை வெளியிடும் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறார். பல ஆண்டுகளாகக் கொடி பிடித்த தொண்டனுக்குக்கூட அந்தப் பட்டியலில் வாக்கு கிடையாது. அமெரிக்காவில் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையையே பொதுமக்களிடம் விட்டிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலட் போன்றவர்கள் கட்சிப் பெருந்தலைகளின் பிடியிலிருந்து வேட்பாளர் தேர்வைப் பிடுங்க வேண்டும் என்று போராடியதன் விளைவு இது. இங்கே கட்சியில் பதிவது என்றால் உறுப்பினர் அட்டையும் இல்லை, சந்தாவும் இல்லை. அரசுப் படிவத்தில் ஒரு கட்டத்தைக் குறிப்பதோடு முடிந்துவிடும். அப்படிக் குறித்தவரை வேண்டாம் என்று சொல்லக் கட்சிக்கும் பொதுவாக வழியில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால், உங்கள் கேள்வியின் பாதிக் கனம் குறைந்துவிடும்.

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பென்சில்வேனியா, நியூயார்க், ஃப்ளோரிடா ஆகியவை மூடிய பிரைமரி நடத்துகின்றன. கட்சியில் பதிந்தவருக்கு மட்டுமே வாக்கு. நியூ ஜெர்சியில் எந்தக் கட்சியிலும் பதியாதவர் தேர்தல் நாளன்றே சாவடியில் ஒரு கட்சியைத் தேர்ந்து வாக்களிக்கலாம். ஆனால் அந்தக் கணத்திலிருந்து அவர் அந்தக் கட்சியின் கணக்கில் சேர்ந்துவிடுவார், மீண்டும் கட்சி சாராதவராக வேண்டுமானால் தனிப் படிவம் கொடுக்கவேண்டும். (அடுத்த தேர்தல் வரை அஞ்சல் பெட்டியை நிரப்பப்போகும் வழவழப்பான துண்டறிக்கைகளுக்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும்.) கொலராடோவில் 2016ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு, கட்சி சாராதவர்களுக்கு இரு கட்சிகளின் வாக்குச்சீட்டுகளும் அஞ்சலில் வருகின்றன, ஒன்றை மட்டும் நிரப்பி அனுப்பவேண்டும், இரண்டையும் அனுப்பினால் இரண்டும் செல்லாது. டெக்சஸில் பதிவுப் படிவத்தில் கட்சி என்ற கட்டமே கிடையாது.

அந்த டெக்சஸ் முறையை நேரில் பார்த்ததால்தான் என் கருத்து உறுதிப்பட்டது. ஹூஸ்டனுக்கு அருகில் நாங்கள் இருந்த பகுதியில் அப்போது உள்ளூர்ப் பதவிகள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கே போகும். மேசையில் இருக்கும் பணியாளர், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும் குரலில், எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்பார். எதைக் கேட்டு வாங்கினோம் என்பது பதிவேட்டில் ஏறும், அந்தச் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காமல் இரண்டாம் கட்டத் தேர்தல் வந்தால் மற்றக் கட்சியின் பக்கம் தாவ முடியாது. நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கும் தமிழர்களில் சிலர் மார்ச்சில் குடியரசுக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். யாரையும் கவிழ்ப்பது அவர்கள் நோக்கமன்று. மாவட்ட ஷெரிஃபாக யார் வருவார், நீதிபதியாக யார் அமர்வார் என்பது அந்த மார்ச் மாதத்திலேயே முடிவாகிவிடும் என்பதால், இருக்கிறவர்களில் நிதானமானவர் வரட்டும் என்று போய் வாக்களித்தார்கள்.

பிரைமரி கட்சியின் சொந்த வீட்டு விவகாரம், வெளியார் தலையிடலாகாது என்று சொல்கிறவர்களுக்கு அதே ஹூஸ்டனில் நடந்த ஒரு வழக்கை நினைவூட்டுவேன். அந்தக் காலத்து டெக்சஸில் ஜனநாயகக் கட்சியை எதிர்த்து எவரும் வெல்ல முடியாது. அந்தக் கட்சி, வெள்ளையர் மட்டுமே தன் உறுப்பினராகலாம் என்று 1932இல் தீர்மானம் போட்டது. கட்சி ஒரு தனியார் சங்கம், அது யாரைச் சேர்ப்பது என்பது அதன் விருப்பம் என்று 1935இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. நவம்பரில் கறுப்பினத்தவர் வாக்களிக்கச் சட்டப்படி தடையில்லை, ஆனால் எல்லாம் முடிவான பிறகு போடும் வாக்கினால் என்ன பயன்? லோனி ஸ்மித் என்ற பல் மருத்துவர் தொடுத்த வழக்கில், தர்குட் மார்ஷல் உள்ளிட்டோர் வாதாடியபின், 1944இல் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே புரட்டியது. அரசின் சட்டப்படி, அரசுத் தேர்தலின் ஓர் அங்கமாக நடக்கும் பிரைமரியைத் தனியார் விவகாரம் என்று சொல்லி யாரையும் இனத்தின் பெயரால் விலக்கமுடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன ஒதுக்கலையும் கட்சிப் பதிவையும் ஒரே தட்டில் வைப்பதாக எண்ணிவிடாதீர்கள். முன்னதை மனிதன் மாற்றிக்கொள்ள முடியாது, பின்னதை ஒரு படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உண்மையான முடிவு எந்த நாளில் நடக்கிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

உங்களுக்குப் பக்கத்திலேயே பிலடெல்பியா இருக்கிறது. அந்த நகரத்தில் குடியரசுக் கட்சி மேயர் ஒருவர் கடைசியாகப் பதவியில் இருந்தது 1952 ஜனவரி வரை. 2023இல் ஷெரெல் பார்க்கர் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகளோடு வென்றார். மே மாதத்திலேயே அவரை மேயர் என்று ஊர் பேசத் தொடங்கிவிட்டது, நவம்பர் வெறும் சடங்கு. அந்த மே மாதத்தில் நகரின் கட்சி சாராத வாக்காளர்கள் வெளியே நின்றார்கள். மாநிலம் முழுவதும் அப்படி எந்தப் பெரிய கட்சியிலும் சேராமல் பதிந்திருப்போர் பத்து லட்சத்துக்கும் மேல். தேர்தல் செலவு அவர்கள் கட்டும் வரியிலிருந்தும் போகிறது. கட்சிகள் தங்கள் செலவில், தங்கள் மண்டபத்தில், தங்கள் பட்டியலை வைத்து வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பொதுப்பணத்தையும் அரசு எந்திரத்தையும் பயன்படுத்திக்கொண்டு தனியுரிமை பேசுவதுதான் பொருந்தவில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கலிபோர்னியாவில் 1996இல் வந்த விதிப்படி, எந்த வாக்காளரும் ஒரு பதவிக்கு ஒரு கட்சி, இன்னொரு பதவிக்கு வேறு கட்சி என்று விருப்பம்போல் தாவித் தாவி வாக்களிக்கலாம். எதிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இதில் மட்டும் கைகோத்து வழக்குப் போட்டன. 2000இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த முறையை ரத்து செய்தது. தன் கொள்கையை ஏற்காதவர்கள் சேர்ந்து தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு கட்சியைக் கட்டாயப்படுத்துவது, கூடும் உரிமைக்கு விரோதம் என்றது தீர்ப்பு. எதிராளிகள் வந்து வேண்டுமென்றே பலவீனமான வேட்பாளரை வெல்லவைப்பார்கள் என்ற அச்சமும் உண்டு. 2008இல் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, ஜனநாயகக் கட்சியின் போட்டியை இழுத்தடிக்க ஹிலரி கிளின்டனுக்கு வாக்களியுங்கள் என்று தன் நேயர்களை வெளிப்படையாகவே தூண்டினார். அப்படி வேலை மெனக்கெட்டுப் போகிறவர்கள் சிலர் இருப்பார்கள். பெருங்கூட்டமாக நடக்கும் காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. 2014இல் மிசிசிப்பியில் நடந்ததே இயல்புக்கு நெருக்கமானது. அங்கே குடியரசுக் கட்சியின் செனட்டர் தாட் கோக்ரன் தன் கட்சியின் தீவிரப் போட்டியாளரிடம் தோற்கும் நிலையில் இருந்தபோது, இரண்டாம் கட்டப் பிரைமரியில் கறுப்பின ஜனநாயகக் கட்சியினர் வந்து அவரைக் கரையேற்றினார்கள். ஹூஸ்டனில் நான் பார்த்த அதே கணக்குத்தான். தோற்றவருக்கு அது அநீதியாகப் பட்டதிலும் வியப்பில்லை.

கட்சி வேறுபாட்டையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வாஷிங்டன் மாநிலமும், 2010 வாக்கெடுப்புக்குப் பிறகு கலிபோர்னியாவும் அப்படித்தான் செய்கின்றன: எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில், எல்லா வாக்காளர்களும் ஒன்றாக, முதலிரண்டு இடம் பெறுபவர் எந்தக் கட்சியானாலும் நவம்பருக்குப் போவார். (அதிபர் பதவிக்கு இது பொருந்தாது.) நமக்குத் தெரிந்த முகங்கள் இந்த வழியில் வந்தவர்கள்தாம். சென்னைக்காரரான சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2016 நவம்பரில் செனட் பதவிக்குப் போட்டியிட்டபோது எதிரே நின்ற லொரெட்டா சான்செஸும் ஜனநாயகக் கட்சிக்காரர். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் அதே ஆண்டு சியாட்டிலில் வென்றதும் சொந்தக் கட்சிக்காரர் ஒருவரைத் தோற்கடித்துத்தான். ஒரே கட்சி கோலோச்சும் இடத்தில் கடைசி முடிவு நவம்பருக்குத் தள்ளிப்போவதும், எல்லாரும் அதில் பங்கேற்பதும் இந்த முறையின் பெரிய நன்மை.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. 2012இல் கலிபோர்னியாவின் 31ஆம் நாடாளுமன்றத் தொகுதியில் ஜனநாயகக் கட்சிக்கே வாக்காளர் பலம் இருந்தும், அந்தக் கட்சியிலிருந்து நான்கு பேர் நின்று வாக்குகளைச் சிதறடித்ததில், முதலிரண்டு இடங்களையும் குடியரசுக் கட்சியினர் பிடித்துக்கொண்டார்கள்; நவம்பரில் வாக்காளர்களுக்கு அந்த இருவரைத் தவிர வேறு தெரிவில்லை. அலாஸ்கா இதற்கு மாற்றாக முதல் நான்கு பேரை அனுப்பி, நவம்பரில் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கச் செய்கிறது. 2010இல் கட்சிப் பிரைமரியில் தோற்று, சீட்டில் பெயரில்லாமலேயே வாக்காளர்கள் கையால் எழுதிப்போட்டு வென்ற செனட்டர் லிசா மர்கோவ்ஸ்கி, 2022இல் இந்தப் புதிய முறையில் சிரமமின்றி நவம்பருக்குப் போனார். இருந்தும் 2024இல் இதை ஒழிக்கும் வாக்கெடுப்பு அங்கே சில நூறு வாக்குகளில்தான் தோற்றது. அதே நாளில் கொலராடோ, ஐடஹோ, நெவாடா, தெற்கு டகோட்டா ஆகிய மாநிலங்களில் பொதுப் பிரைமரித் திட்டங்களை மக்களே நிராகரித்தார்கள். ஆகவே, கட்சித் தலைவர்கள் மட்டும்தான் குறுக்கே நிற்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். பிரைமரியைத் திறந்தவுடன் தீவிரப் பேச்செல்லாம் அடங்கி மிதவாதிகள் வென்றுவிடுவார்கள் என்ற பிரசாரத்தையும் நான் முழுதாக நம்புவதில்லை. பிரைமரிக்கு வருகிறவர்களே குறைவு, கட்சி சாராதவர்களில் வருகிறவர்கள் அதிலும் குறைவு. வருகிற அந்தச் சிலரைத் தடுக்க நமக்கு உரிமையில்லை என்பதே என் காரணம்.

கட்சி மாறுவதற்கான காலக்கெடு நியாயமாக இருக்கவேண்டும் என்று மேலே சொன்னதற்கு நியூயார்க்கைப் பாருங்கள். 2016 ஏப்ரலில் நடந்த அதிபர் பிரைமரிக்கு, ஏற்கெனவே பதிந்திருந்தவர்கள் கட்சி மாற்றக் கடைசி நாள் 2015 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதைத் தவறவிட்டதால் டொனால்ட் டிரம்பின் மகள் இவான்காவும் மகன் எரிக்கும் தம் தந்தைக்கே வாக்களிக்க முடியாமல் போனது நாடே சிரித்த செய்தி. பின்னர் அந்தக் கெடுவைப் பிப்ரவரிக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் பென்சில்வேனியா இந்த ஒரு விஷயத்தில் தாராளம்: தேர்தலுக்கு 15 நாள் முன்பு வரை இணையத்திலேயே கட்சியை மாற்றிக்கொள்ளலாம், பிரைமரி முடிந்த மறுநாளே பழையபடி திரும்பிக்கொள்ளலாம்.

எனவே உங்கள் கணவர் சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் டவுன்ஷிப்பில் எந்தக் கட்சியின் மே மாதம் நவம்பரைத் தீர்மானிக்கிறது என்று முந்தைய முடிவுகளைப் பார்த்து, அந்தக் கட்சியில் பதிந்துகொள்வதே நடைமுறை வழி. நவம்பரில் யாருக்கு வாக்களிப்பது என்பதை அது கட்டுப்படுத்தாது. குறிப்பாக, உள்ளூர்ப் பதவிகளுக்குத் தேர்தல் நடக்கும் ஒற்றைப்படை ஆண்டுகளின் மே மாதத்தை விட்டுவிடவேண்டாம். பள்ளி வாரிய உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடுகிறவர் இரு கட்சிகளின் பிரைமரியிலும் ஒரே நேரத்தில் நிற்க உங்கள் மாநிலம் அனுமதிக்கிறது. இரண்டிலும் வென்றவர்களே இடங்களை நிரப்பிவிட்டால் நவம்பரில் அங்கே போட்டியே இருக்காது. கட்சி சாராதவராகவே இருக்க அவர் விரும்பினாலும், அரசியலமைப்புத் திருத்தம் போன்ற பொதுக் கேள்விகள் அன்றைய சீட்டில் இருந்தால் அவற்றுக்கு மட்டும் வாக்களிக்க அவருக்கு உரிமை உண்டு. 2021 மே மாதம் ஆளுநரின் அவசரகால அதிகாரம் பற்றிய கேள்விகளுக்கு அப்படித்தான் எல்லாரும் வாக்களித்தார்கள். போவதற்கு முன் மாதிரி வாக்குச்சீட்டைக் கவுன்ட்டியின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்களைப் பொறுத்தவரை, குடியுரிமைப் பிரமாணம் எடுக்கும் நாள் வரை எந்த வாக்காளர் படிவத்திலும் கையெழுத்திடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் திரையிலோ தாளிலோ வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்டால் இல்லை என்று மட்டும் குறியுங்கள். பச்சை அட்டை வைத்திருப்பவர் தெரியாமல் பதிந்துகொண்டதுகூடக் குடியுரிமை விண்ணப்பத்தைக் கெடுக்கும், சில வேளைகளில் நாடு கடத்தும் நடவடிக்கை வரை போகும். பிரமாணம் எடுத்த மண்டபத்திலேயே பெரும்பாலும் பதிவுப் படிவத்தைக் கையில் தருவார்கள். அதில் கட்சிக்கான கட்டத்தை அவசரத்தில் வெறுமையாக விட்டுவிடாமல், வீட்டுக்கு எடுத்துச் சென்று இருவரும் கலந்து பேசி நிரப்பி அனுப்புங்கள்.