ஆம்னி சாமான் மாருதி 800-க்குச் சேருமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1985 மாடல் மாருதி 800 எங்கள் வீட்டில் நிற்கிறது. ரிங் தேய்ந்து புகை தள்ளுகிறது, டைனமோவிலும் ஒரே இரைச்சல். இந்த மாடலுக்குச் சாமானே கிடையாது என்று நாகர்கோவிலில் கைவிரிக்கிறார்கள். பழைய ஆம்னி ஒன்று சல்லிசாக வருகிறது, வாங்கிப் பிரித்துப் போடலாமா? (வாசகர், குளச்சல்)

பதில்: கடையில் போய் '85 மாடல் 800' என்று கேட்டிருப்பீர்கள், அவரும் கிடையாது என்று சொல்லிவிட்டார். உங்கள் வண்டியின் உடம்புக்கு அது சரிதான். 1983 கடைசியில் வந்த அந்த முதல் உருவம் 1986-ல் மாறிவிட்டதால், கதவு, பானெட், முன்கண்ணாடி எல்லாம் அதே பழைய வண்டியில் இருந்துதான் வர வேண்டும். ஆனால் இன்ஜின் அப்படி இல்லை. எஃப்8பி என்கிற 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின்தான் உங்கள் வண்டியிலும் கார்புரேட்டர் ஆம்னியிலும். இரண்டிலும் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 68.5 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 72. அதனால் பிஸ்டன், ரிங் மாதிரி உள்சாமானுக்கு ஆம்னி பக்கம் தாராளமாகப் போகலாம். இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் ஹெட் கேஸ்கெட்டை மட்டும் பழையதின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓட்டைக்கு ஓட்டை நேராக இருந்தால் போதும். கியர்பாக்ஸ் ஆசை வேண்டாம். ஆம்னியில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் கிடந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது, உங்களுடையது குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது.

டைனமோ இரைச்சல் பெரும்பாலும் பேரிங்தான். அதைக் கழற்றித் துடைத்து, பக்கவாட்டில் பொறித்திருக்கும் நம்பரைப் படியுங்கள். 6203 என்று இருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான், பம்பு செட் மோட்டாருக்குப் பேரிங் விற்கிற கடையில்கூடக் கிடைக்கும். கடப்புறத்து உப்புக்காற்றுக்கு, நம்பருக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று போட்ட, இரண்டு பக்கமும் ரப்பர் மூடியதாகக் கேளுங்கள். ஆயில் சீலிலும் இப்படி மூன்று எண் இருக்கும். நானே ஒருமுறை நம்பர் பார்க்காமல் மாடல் பேரைச் சொல்லி ஒரு சீல் வாங்கி, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்ததால் தட்டி ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் ஆயில் குளம் கட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து பழைய சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போவது.

அப்புறம் ஒன்று, இன்ஜினில் கைவைக்கும் முன் கால்மிதிக்கு அடியில் தரையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். குளச்சல் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். தகடு பொத்துப் போகிறது என்றால் முதல் செலவு டிங்கரிங்குக்கு. பிரேக் பிரிக்கும்போது ரப்பர்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ விடாதீர்கள், ஊதிப் போய் பிரேக் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயிலாலேயே கழுவினால் போதும்.

கேள்வி: 1974-ல் பதிவான பத்மினி கார் வைத்திருக்கிறேன். வேறு இன்ஜின் ஏற்றிவிட்டு விண்டேஜ் நம்பர் வாங்க முடியுமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: வயது சரி. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், தாண்டிவிட்டது. ஆனால் வண்டி பழைய உருவத்திலேயே, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது, அதனால் வேறு இன்ஜின் ஏற்றினால் அந்த நம்பர் கிடைப்பது கஷ்டம். விண்டேஜ் நம்பர் வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கும் எடுக்க முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரி விஷயங்களுக்குத்தான். சந்தைக்கும் கோயிலுக்கும் எடுத்துப் போகிற வண்டி என்றால் இப்போதிருக்கும் நம்பரிலேயே ஓட்டுங்கள். இன்ஜின் மாற்றினாலும் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அந்த 1089 சிசி இன்ஜினை ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்கு மட்டும் எடை போட்டுவிடாதீர்கள், கிரீஸ் தடவிச் சாக்கில் கட்டி வையுங்கள்.