பதில்: 4ஆம் மண்டலக் கட்டளையகம் மைன்ஸிலா, மியூனிக்கிலா?

வணக்கம். ஜெர்மன் ராணுவத்தின் 4ஆம் மண்டலக் கட்டளையகத்தின் பெயருள்ள இரண்டு தபால் உறைகளில் வெவ்வேறு ஊர்கள் இருக்கின்றனவே, ஒன்று போலியா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரியானவைதான், எதுவும் போலி இல்லை. 1984 உறையில் மைன்ஸ், 2006 உறையில் மியூனிக் என்று இருப்பதற்குக் காரணம் 2001இல் நடந்த மறுசீரமைப்பு.

மேற்கு ஜெர்மனியில் இப்படி ஆறு மண்டலக் கட்டளையகங்கள் இருந்தன. போர்ப்படைகள் நேட்டோவுக்கு ஒதுக்கப்பட்டிருக்க, இவை ஜெர்மன் அரசின் கையிலேயே இருந்தன. போர்முனைக்குப் பின்னால் பாலங்கள், சாலைகள், கிடங்குகளைக் காப்பது, மாநில அரசுகளோடு தொடர்பு வைத்திருப்பது இவற்றின் வேலை. 4ஆம் எண் மைன்ஸுக்கு, 6ஆம் எண் மியூனிக்குக்கு. ஜெர்மனி ஒன்றிணைந்தபின் கிழக்குப் பகுதி நகரங்களான லைப்ஸிக், நொய்பிராண்டன்பர்க் சேர்ந்து எட்டாயின. 1990களில் இவற்றைப் படை டிவிஷன்களோடு இணைத்தார்கள். அந்தக் காலத்து உறை கிடைத்தால் சாய்கோட்டின் இரு பக்கமும் இரண்டு பெயர் இருக்கும், மிரள வேண்டாம்.

2001இல் எட்டை நான்காக்கி, எண்களையும் மாற்றிவிட்டார்கள். கீல் 1, மைன்ஸ் 2, எர்ஃபுர்ட் 3, மியூனிக் 4. சேகரிப்பவர்களைக் குழப்பவே செய்தது போலிருக்கிறது! 2013இல் இந்த நான்கையும் கலைத்து, பொறுப்பை பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள்.

அதனால் ஆல்பத்தில் எண்ணை வைத்து அடுக்காதீர்கள், ஊரும் ஆண்டும் போதும்.