வண்டல் வெடிக்கட்டும், தண்ணீர் எழுதட்டும்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் தஞ்சாவூரில் ஒரு டிசைன் மாநாடு. அதற்கு 90 விநாடி தொடக்க டைட்டில் செய்யும் பொறுப்பு எங்கள் நான்கு பேரிடம் வந்திருக்கிறது. கையில் எட்டு வாரம் இருக்கிறது. வண்டலைக் காயவிட்டு, வெடிப்புகளே 12 பேச்சாளர்களின் பெயர்களாக மாறுவதுபோல் எடுக்க ஆசை. ஆனால் வெடிப்பு எங்கெங்கோ ஓடுகிறது, எழுத்து வரவில்லை. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வேண்டாம் என்றிருக்கிறோம். வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. ஆனால் வெடிப்பை எழுதச் சொல்லாதீர்கள். ஈரம் போகப் போக மண் சுருங்கும். அடிப்பலகை அதை நகரவிடாமல் பிடித்திருப்பதால், இழுவை தாங்காத இடத்தில் கிழியும். அது எந்த இடம் என்பது உங்கள் கையில் இல்லை. பாளத்தின் அளவு மட்டும்தான் உங்கள் கையில்: படலம் மெல்லிசாக இருந்தால் சின்னச் சில்லு, கனமாக இருந்தால் பெரிய பாளம். பலகைமேல் பாலிதீன் விரித்தால் மண் வழுக்கிச் சுருங்கிவிடும், வெடிப்பு குறையும். அதனால் வெறும் பலகையே போதும்.

முதல் 30 விநாடியை வெடிப்புக்குக் கொடுங்கள், அதில் ஒரு பெயரும் வேண்டாம். பிறகு பெயர்களைத் தண்ணீர் எழுதட்டும்: மண்ணில் எழுத்து வடிவில் பள்ளம் பதித்து, அதில் தண்ணீரை நிரப்புங்கள். வெடித்த வயலுக்குத் தண்ணீர் வருவதை டெல்டாக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெடிப்பை அறைக்குள் எடுங்கள், ஜன்னலைத் துணியால் மூடிவிட்டு. 30 விநாடிக்கு ஒரு படம் என்றால் 10 மணி நேரத்தில் 1,200 படம் வரும். விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் அது 50 விநாடி ஓடும், அதிலிருந்து நல்ல 30 விநாடியைத் தேர்ந்துகொள்ளலாம். ஃபோகஸ், எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டுங்கள். ஷட்டர் 1/50 விநாடி அல்லது அதைவிட மெதுவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கு படத்துக்குப் படம் வெளிச்சம் மாறித் துடிக்கும். ஃபேனை நேராக வைக்காதீர்கள்: மேல்பரப்பு மட்டும் காய்ந்து ஓரங்கள் சுருண்டு எழும்பும்.

இனி பெயர்கள், வேலை முழுக்க இங்கேதான். பெயருக்கு ஒரு பலகை, 12 மி.மீ. பிளைவுட், 4 x 2 அடி, சுற்றிலும் ரீப்பர். இரண்டு செ.மீ. கனத்துக்கு மண் பரப்பினால் 25 கிலோவைத் தாண்டும். 6 மி.மீ. பலகை தூக்கும்போதே வளைந்து மண் பிளந்துவிடும். இந்தப் பலகைகளுக்கு மூன்று பங்கு வண்டலோடு ஒரு பங்கு சலித்த மணல் சேருங்கள், சுருக்கம் குறையும். மண்ணைக் குயவரிடம் வாங்குவது நல்லது. வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் மெழுகு உருவின்மேல் பூசுவதும் காவிரி வண்டலைத்தான். மெல்லிய கோடும் அதில் பதியும்.

எழுத்துகளைப் ஃபிளெக்ஸ் கடையில் 5 மி.மீ. சன்போர்டில் (நுரை அட்டை) வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டுங்கள். உயரம் 12 செ.மீ., கோட்டின் அகலம் 12 மி.மீ. எண்ணெய் தடவி மண்ணில் அழுத்திவிட்டு, முழுக்கக் காயும்வரை விடாதீர்கள். சுருங்கும் மண் எழுத்தை இறுக்கிப் பிடித்து மூலைக்கு மூலை பிளக்கும். விரல் வைத்தால் தடம் விழ வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் எடுங்கள். சுழிக்குள் நிற்கும் மண் துண்டு பெயர்ந்து வரும். அந்த இடத்தில் முன்பே பலகையில் ஒரு சிறு ஆணி அடித்து வையுங்கள். காய்ந்ததும் பள்ளத்துக்குள் பளபளப்பில்லாத கிளியர் வார்னிஷ் இரண்டு கோட்டிங். இதை விட்டால் மண் தண்ணீரைக் குடித்துவிடும், கரையும் சரியும்.

தமிழ் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதில்லை. காலும் கொம்பும் தனி, புள்ளியோ அந்தரத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் ஊற்றினால் தண்ணீர் எல்லாவற்றுக்கும் போய்ச் சேராது. ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் கீழிருந்து 6 மி.மீ. துளை போட்டு, சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் மைக்ரோ டியூபைச் செருகி, மறுமுனையில் 50 மி.லி. சிரிஞ்சு மாட்டுங்கள். டியூப் ஏறாவிட்டால் நுனியை வெந்நீரில் முக்குங்கள். படம் எடுக்கும்முன் தண்ணீர் டியூபின் வாய்வரை வந்து நிற்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் குமிழி வெடித்துச் சேறு தெறிக்கும். முதலில் எழுத்துகள் நிறையட்டும், புள்ளிகள் கடைசியில் ஊறி வரட்டும். மெய்யெழுத்து கண்ணெதிரே மெய்யாவது இந்த முறையில் மட்டுமே கிடைக்கும், இதை விட்டுவிடாதீர்கள். சிரிஞ்சைத் திருப்பி இழுத்தால் பெயர் வடிந்து மறையும். வெட்டு, டிஸால்வ் எதுவும் தேவைப்படாது.

தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கரண்டி வெள்ளை போஸ்டர் கலர் கலக்குங்கள். நேர் மேலிருந்து எடுக்கும்போது வெறும் தண்ணீர் மண்ணோடு மண்ணாகத்தான் தெரியும். பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டால் தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் படரும், கூடினால் நுரைக்கும். ஸ்லோமோஷன் வேண்டாம். பெயருக்கு 4 விநாடிதான் இருக்கிறது, நிறைய இரண்டு, நிலைத்து நிற்க இரண்டு. பின்னதைக் குறைக்கவே கூடாது. பேச வருகிறவரின் பெயர், சபை அதைப் படித்தாக வேண்டும். 12 பெயருக்கு 48 விநாடி போக, மிச்சம் 12 விநாடி மாநாட்டின் பெயருக்கு.

மேடையில் எல்இடி சுவரா என்று இப்போதே கேளுங்கள். 12 x 8 அடிச் சுவர் P3.9 வகை (விளக்குக்கு விளக்கு 3.9 மி.மீ. இடைவெளி) என்றால் குறுக்கே சுமார் 930 பிக்சல்கள்தான். அது 16:9 வடிவமும் இல்லை, அப்படியே ஓட்டினால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படலாம். மயிரிழை வெடிப்புகள் மினுமினுக்கும். படத்தைச் சுவரின் அளவுக்கே சுருக்கி, லேசாக மங்கலாக்கிக் கொடுங்கள். பென்டிரைவிலிருந்து ஓட்டாமல் லேப்டாப்பில் ஏற்றி ஓட்டச் சொல்லுங்கள்.

12 பலகையையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். புள்ளி அதிகமுள்ள பெயரை முதலில் எடுத்து, சுவர் வாடகைக்குத் தருபவரிடம் போட்டுப் பார்த்துவிட்டு மற்ற பதினொன்றுக்கு மண் குழையுங்கள். ஆவணியில் சாயங்கால மழை சொல்லாமல் வரும், பலகைகளைத் திறந்தவெளியில் காயவைக்க வேண்டாம்.