கணினி மையத்தைக் கேட்டால் நூலகத்துக்குப் போ என்கிறார்கள்!

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே புலம்பல்தான்: யாரைப் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். வந்தவர்களில் பலரை வேறு கதவுக்கு அனுப்பி, அவர்களின் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு மென்பொருளின் உரிமமோ கணக்கோ யார் பெயரில் இருக்கிறதோ, அவரால்தான் அதைச் சரிசெய்ய முடியும். எங்கள் மேசைக்கு வருவதற்கு முன் அதை மட்டும் விசாரித்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வளாகத்தில் திறக்கும் ஆய்விதழ்க் கட்டுரைகள், வீட்டுக்கு வந்தால் காசு கேட்கின்றன. கணினி மையத்தில் நூலகத்துக்குப் போகச் சொல்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களா?

இல்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பதிப்பகத்தின் சர்வருக்கு உங்களைத் தெரியாது. வளாகத்தின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறது. வீட்டு இணைப்புக்கு அந்த முகவரி கிடையாது. வெளியிலிருந்து நுழைய ‘இன்ஃபெட்’ என்ற கணக்கு வேண்டும். இதை நடத்துவது, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம். உங்களுக்குக் கணக்குத் தொடங்கித் தருபவர் நூலகர். பதிப்பகத்தின் பக்கத்தில் நிறுவனம் வழியாக உள்நுழையும் வழியைத் தேடி, உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் நூலகரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. வாசலில் பந்தி நடக்க, பசியோடு சுற்றுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தனியார் கல்லூரிக்காரர்கள் தங்கள் நூலகம், நூலகங்கள் ஒன்றுக்கொன்று நூலும் கட்டுரையும் கொடுத்து வாங்கும் டெல்நெட்டில் உறுப்பினரா என்று கேட்டுப்பாருங்கள். அதுவும் இல்லையா, கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். பலரும் அனுப்பிவிடுவார்கள்.

தமிழ்த்துறை ஆய்வாளர் நான். ஆய்வேடு மற்றவர்கள் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்தேன், 0 சதவீதம் வந்தது. வழிகாட்டி பாராட்டாமல் முறைக்கிறார்.

முறைக்காமல் என்ன செய்வார்! 250 பக்கத்தில் மேற்கோள்கூடவா ஒத்துப்போகாது? பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. மென்பொருள் முகமூடியைப் பார்க்காது, அதற்கு அது வெறும் உளறல்.

எல்லாக் கணினிக்கும் புரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் எழுத்துரு மாற்றி உண்டு. மொத்தக் கோப்பையும் ஒரே அடியாகப் போட்டுவிடாதீர்கள். இடையில் வரும் ஆங்கிலப் பெயர்களையும் அது தமிழென்று நினைத்து மாற்றிவைக்கும், துணைநூற்பட்டியல் அலங்கோலமாகிவிடும். மூலத்தைத் தனியே வைத்துக்கொண்டு இயல் இயலாக மாற்றி, மேற்கோள் குறிகளையும் ‘கௌ’, ‘ஔ’ வரும் இடங்களையும் ஒரு தடவை கண்ணால் பாருங்கள். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. டிடிபி கடைகளுக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை போல.

மாற்றிய பிறகு சதவீதம் எகிறும், பயப்படாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. முறையாகச் சுட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை எல்லாம் கணக்கில் சேராது. ஆனால் அவற்றை விலக்கும் அமைப்பைச் சோதனை செய்பவர்தான் போடவேண்டும். இந்தச் சோதனை மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் ‘ஷோத்சுத்தி’ திட்டத்துக்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் பொறுப்பாளர் யாரென்று கேளுங்கள், பெரும்பாலும் நூலகராகவே இருப்பார்.

கருத்தரங்குக்குப் போன இடத்தில், சொந்த நிறுவனத்தின் கணக்கை வைத்தே வேறு வளாகங்களிலும் இணைய உதவும் எஜுரோம் வைஃபை கிடைக்கவில்லை. அங்கிருந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

உங்கள் கடவுச்சொல் அவர்களிடம் இல்லையே, பாவம். சரிபார்ப்பது உங்கள் சொந்த நிறுவனத்தின் சர்வர். பயனர் பெயரை @ குறியோடு முழுசாகக் கொடுங்கள், கிளம்புவதற்கு முன் சொந்த வளாகத்திலேயே ஒரு முறை இணைத்துப் பாருங்கள். அவ்வளவுதான்.

பட்டம் முடிந்ததும் பல்கலைக்கழக மின்னஞ்சலை மூடிவிடுவார்களாமே?

பல இடங்களில் அப்படித்தான். கூகுள் 2022இல், பல்கலைக்கழகங்களுக்குத் தரும் இலவசச் சேமிப்பிடத்துக்கு நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்று எல்லை கட்டியதிலிருந்து கை இறுகிவிட்டது. மூடும் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூகுளின் ‘டேக்அவுட்’ மூலம் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் கணக்கில் சொந்த மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, தன் கட்டுரைப் பட்டியலைத் தானே திறக்க முடியாமல் நின்றவர்கள் உண்டு.

துறையில் இருக்கும் கணினியில் என் கணக்கீடு ஒன்பது நாளாக ஓடுகிறது. வேறு வழி?

திருச்சி என்ஐடியில் 838 டெராஃப்ளாப்ஸ் திறனுள்ள ‘பரம் பொருள்’ என்ற சூப்பர்கம்ப்யூட்டர் இருக்கிறது. தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் 2022 மே மாதம் தொடங்கியது. வழிகாட்டியின் மூலம் அங்கே விசாரியுங்கள், கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஓடுவது லினக்ஸ் இயங்குதளத்தில், அதன் கட்டளைகள் தெரியாமல் போனால் திணறுவீர்கள். ஐஐடி பம்பாயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பாடங்களில் லினக்ஸும், ஆய்வேட்டை அச்சுக்கோக்க உதவும் லேடெக்கும் இருக்கின்றன, தமிழ்க் குரலிலும் கேட்கலாம். அதற்கு முன், நிரலை ஒரு முறை துறை நண்பரிடம் காட்டுங்கள். ஒன்பது நாள் வேலை, தேவையில்லாத ஒரு சுழற்சியை எடுத்ததும் ஒரு மணி நேரமாகச் சுருங்கியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் ‘டக்... டக்...’ என்கிறது. ஆய்வேடு முழுக்க அதில்தான். கணினி மையத்தில் மீட்டுத் தருவார்களா?

முதலில் அணையுங்கள், இப்போதே. அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் பாகங்கள் பழுதென்று சொல்கிறது. இலவச மீட்பு மென்பொருளை ஓடவிட்டால் மிச்சமிருப்பதும் போகும். தூசியில்லாத அறை உள்ள மீட்புக்கூடத்தில்தான் அதைத் திறக்க வேண்டும், கணினி மையத்தில் அந்த வசதி இருக்காது. செலவும் அதிகம்.

அதனால் முதலில் இலவச இடங்களில் தேடுங்கள். வழிகாட்டிக்கு அனுப்பிய இணைப்புகள், வாட்ஸ்அப், ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்த பிரதி. அப்புறம், பிரின்ட் எடுத்த கடை. எங்களிடம் அழுதுகொண்டு வந்த ஒரு மாணவியின் நான்கு இயல்களும் ஜெராக்ஸ் கடைக் கணினியின் டெஸ்க்டாப்பில், ஒரு கல்யாணப் பத்திரிகைக்கும் ஒரு பயோடேட்டாவுக்கும் நடுவில், பத்திரமாக இருந்தன.