இன்ஜின் பட்டறை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பழைய வோக்ஸ்வேகன் 1600 சிசி இன்ஜினைச் சிறிய விமானத்தில் மாட்டலாமா? நண்பரும் நானும் சொந்தமாக ஒன்று கட்டுகிறோம்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மாட்டலாம், தம்பி. பல நாடுகளில் பறக்கவும் செய்கிறது. ஆனால் காருக்குப் பொருத்துவதுபோல நினைக்காதீர்கள். காரில் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, சுற்றினால் போதும். இங்கே புரொப்பெல்லரின் இழுவையையும் அதுவே தாங்க வேண்டும். அந்த முன்பின் விசையைத் தாங்கும் பேரிங், பிளைவீல் (கிராங்க் முனையிலுள்ள கனமான சக்கரம்) பக்கம்தான் இருக்கிறது. அதனால் எந்தப் பக்கம் புரொப்பெல்லர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பழைய கிராங்கில் விரிசல் இருக்கிறதா என்று சோதனை செய்யாமல் தொடவே வேண்டாம்.

அப்புறம் எடை. வரைபடத்தில் 77 கிலோ இன்ஜின், சமநிலைப் புள்ளிக்கு 100 சென்டிமீட்டர் முன்னே என்று வையுங்கள். உங்களுடையது 70 கிலோ என்றால் 110 சென்டிமீட்டர் முன்னே வைக்க வேண்டும். இல்லையென்றால் வால் கனத்துவிடும்.

நான் அதிகம் பயப்படுவது கார்புரேட்டரில், அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் இடத்தில், படியும் பனிக்குத்தான். நம் ஊரில் ஏது பனி என்பீர்கள். தோட்டத்தில் வோக்ஸ்வேகன் பீட்டில் கார் பழுதுபார்த்த காலத்தில், மழை பெய்த காலையில் இன்டேக் குழாயில் வெள்ளையாகப் படிந்த பனியை நகத்தால் சுரண்டியிருக்கிறேன். பெட்ரோல் ஆவியாகும்போது காற்று அவ்வளவு குளிர்கிறது. ஈரக்காற்றில் 25 டிகிரியிலும் இது நடக்கும். எக்ஸாஸ்ட் சூட்டில் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிடும் கதவு கட்டாயம் வையுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன்பே மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பேசிவிடுங்கள்.