ஒரே கத்தி இருவர் கையிலும் பட்டுவிட்டால்

நண்பரே, கூட கறி வெட்டுபவருக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) இருக்கிறது, அவர் கையைக் கிழித்த கத்தியே நேற்று இரவு உங்கள் விரலையும் வெட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதே மருத்துவரிடம் கிளம்புங்கள். முன்பு தடுப்பூசி போடாதவர் என்றால் முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் விழுவது நல்லது. இம்யூனோகுளோபுலின் (கிருமியை எதிர்க்கும் தயார்நிலைப் புரதம்) ஊசியும் தேவையா என்று கேளுங்கள்.

ஆட்டு ரத்தத்தால் வருமோ என்ற பயம் வேண்டாம், இது மனித ரத்தத்தால் தொற்றுவது. ஆனால் கத்திப் பிடியின் இடுக்கில் காய்ந்து கருத்துப்போன ரத்தத்தில்கூட இந்தக் கிருமி குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். துணியால் ஒரு துடை துடைத்தால் போகாது.

அப்புறம், முதல் ஊசியிலிருந்து 1, 6 மாதங்களில் வரும் தடுப்பூசிகளையும் விட்டுவிடாதீர்கள். அவரை ஒதுக்காதீர்கள், சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. கத்தி மட்டும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.