‘நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன், போதாதா?’

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் நாசரேத். இப்போது கார்கரில் இருக்கிறேன். முன்பு தாராவிப் பக்கம் ஒரு தமிழ்ச் சபைக்குக் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தோம். கமிட்டித் தேர்தல் சண்டையில் மனம் வெறுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஹார்பர் லைன் ரயில் பாதையில் மெகா பிளாக் வேறு, பராமரிப்புக்கென்று ரயிலை நிறுத்திவிடுகிறார்கள். ஊரடங்குக்குப் பிறகு வீட்டிலேயே யூடியூபில் ஆராதனை பார்க்கிறோம். செய்தி நன்றாக இருக்கிறது. காணிக்கையையும் அதற்கே ஜிபேயில் அனுப்பிவிடுகிறேன். “ஏதாவது ஒரு சபையில் பெயரை எழுதிவை” என்று அம்மா நச்சரிக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட சபையில் அங்கத்தினராக இருந்தே ஆகவேண்டும் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன், அது போதாதா?
— ஒரு வாசகர், நவி மும்பை

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியை உங்களுக்கு முன்பே கொரிந்து பட்டணத்தில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒருவர் ‘நான் பவுலைச் சேர்ந்தவன்’ என்றார், ஒருவர் அப்பொல்லோ என்றார், ஒருவர் கேபா, அதாவது பேதுரு என்றார். நாலாவதாக ஒரு கூட்டம் ‘நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்’ என்றது. 1 கொரிந்தியர் 1:12 எடுத்துப் பாருங்கள். அந்த நாலாவது கோஷ்டியைப் பவுல் தட்டிக்கொடுக்கவில்லை. மற்ற மூன்றோடு சேர்த்து அதையும் பிரிவினைக் கணக்கிலேயே எழுதினார். ‘எனக்கு எந்தச் சபையும் வேண்டாம், கிறிஸ்து போதும்’ என்பது கேட்கப் பக்தியாகத்தான் இருக்கும். அதுவும் ஒரு கட்சிதான். அதில் ஒரே ஓர் அங்கத்தினர், அவரே தலைவர், அவரே பொருளாளர்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ‘சந்தா கட்டி, பதிவேட்டில் பெயர் எழுதி, அங்கத்தினர் ஆகக்கடவாய்’ என்று எந்த வசனமும் இல்லை. அதை ஒத்துக்கொள்வதில் எனக்குச் சங்கடம் இல்லை. ஆனால் இருக்கிற வசனங்களை நீங்கள் எங்கே வைத்து நிறைவேற்றப் போகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

மத்தேயு 18ஐ எடுங்கள். சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் முதலில் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்போதும் கேட்காவிட்டால் ‘சபைக்குத் தெரியப்படுத்து’ என்கிறார் ஆண்டவர். எந்தச் சபைக்கு? உலகம் முழுவதும் பரவியிருக்கிற சபைக்கா? ஒரு தெருவில் கூடுகிற, இவரையும் தெரிந்த அவரையும் தெரிந்த சபைக்குத்தானே தெரியப்படுத்த முடியும்? ‘இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும், நானும் மனைவியும் பிள்ளையும் இருக்கிறோம்’ என்று சோபாவில் உட்கார்ந்தபடி சொல்கிறவர்கள் உண்டு. அந்த வசனம் இதே அதிகாரத்தில், இந்தப் பஞ்சாயத்துக்கு மூன்று வசனம் தள்ளித்தான் வருகிறது. ஆண்டவர் அதைச் சொன்னது வீட்டோடு இருந்துகொள்ள அனுமதிச் சீட்டு கொடுப்பதற்காக அல்ல.

யாக்கோபு 5:14ம் அப்படித்தான். வியாதிப்பட்டால் ‘சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக’. நடுராத்திரி அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் கார்கருக்கு வரப்போவது யார்? சென்னை ஸ்டூடியோவில் பேசுகிறவருக்கு நீங்கள் ஒரு ‘வியூ’. எபிரெயர் 13:17, உங்கள் ஆத்துமாவுக்காகக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்களாய் விழித்திருக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. நீங்கள் உயிரோடு இருப்பதே தெரியாதவர் என்ன கணக்கு ஒப்புவிப்பார்?

அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஊரடங்கில் மாரி பிஸ்கட்டையும் திராட்சை ஜூஸையும் டிவி முன்னால் வைத்துக்கொண்டு பண்ணினார்கள், அன்றைக்கு வேறு வழியில்லை. ஆனால் மகாராஷ்டிராவில் வழிபாட்டுத் தலங்கள் 2021 அக்டோபர் 7ஆம் தேதியே மறுபடி திறந்தாயிற்று. இன்னும் பிஸ்கட் பாக்கெட் தீரவில்லை என்றால் என்ன அர்த்தம்? ‘நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்’ என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 11:33). முன்னாலேயே வந்து சாப்பிட்டு முடித்தவர்களையும், லேட்டாக வந்து பசியோடு நின்ற ஏழைகளையும் பார்த்து எழுதிய வரி அது. யூடியூபில் நீங்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்? விளம்பரம் முடிவதற்காகத்தான்.

பதிவேடு மனிதன் கண்டுபிடித்தது என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம். விதவைகளைச் சேர்க்கும் வரிசையில் அறுபது வயதுக்குக் குறையாதவளைச் சேர்க்கவேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:9 சொல்கிறது. வரிசை என்றால் பெயர் இருக்க வேண்டும், யார் நம்மவர் என்று தெரிந்திருக்க வேண்டும். பெபேயாள் ரோமாபுரிக்குப் போகும்போது, இவள் கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பவுல் எழுதிக் கொடுக்கிறார் (ரோமர் 16:1, 2). அப்பொல்லோ அகாயாவுக்குப் போகும்போதும் கடிதத்தோடுதான் போகிறார். இன்றைக்கு ஊரைவிட்டு வருகிறவர்கள் குருவானவரிடம் வாங்கி வருகிற கடிதத்துக்கு மூலம் இதுதான்.

உங்கள் திருநெல்வேலிச் சீமையின் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது. பாளையங்கோட்டைச் சபைக்கு 1780ல் ஒரு பட்டியல் எழுதினார்கள். 40 பெயர்கள். முதல் பெயர் கிளாரிந்தா என்கிற பிராமண விதவை. அந்த அம்மா ஓர் ஆங்கில அதிகாரியோடு திருமணமில்லாமல் வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்தபின் 1778ல்தான் கொடுத்தார். அந்த அம்மா கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. பின்னால் பாளையங்கோட்டையில் கோயில் கட்டி எழுப்பியதும் அவர்தான். ‘முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஆள் இருக்கிற இடம் சபை. உங்கள் சானலில் பிடிக்காததைச் சொன்னால் நீங்கள் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போவீர்கள்.

இனி அந்தத் தேர்தல் சண்டை. உங்கள் உண்மையான கேள்வி அதுதான், மற்றது மேல்பூச்சு. மும்பைத் தமிழ்ச் சபைகளின் தேர்தல் கூத்து எனக்குத் தெரியாததல்ல. ஊர்க்காரர், சொந்தக்காரர் என்று பேனல் போட்டு, அசன வைபவம் என்கிற சபை விருந்தில் யாருக்கு முதல் பந்தி என்பதில்கூட மல்லுக்கு நிற்கிறார்கள். அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பிலிப்பியர் 4:2ஐ நிதானமாக வாசியுங்கள். ‘எயோதியாளுக்குப் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்.’ இரண்டு பெண்கள், சுவிசேஷத்துக்காகப் பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள், பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். அந்தக் கடிதம் சபை நடுவில் உரக்க வாசிக்கப்பட்டிருக்கும். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருடைய தலையும் அவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். பவுல் ‘நீ வேறு சபை பார்த்துக்கொள்’ என்று ஒருத்தியிடமும் சொல்லவில்லை. இருவரையும் ஒன்றுசேர்க்க உதவி செய் என்று மூன்றாவது ஒருவரைத்தான் கேட்டுக்கொள்கிறார். உங்கள் சபையில் அந்த மூன்றாவது ஆளாக நீங்கள் இருந்திருக்கலாமே?

வெளிப்படுத்தின விசேஷம் 3ல் வருகிற சர்தைச் சபையைப் பாருங்கள். ‘உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்’ என்று ஆண்டவரே சொன்ன சபை. அங்கேயும் வஸ்திரத்தை அசுசிப்படுத்தாத சிலபேர் இருந்தார்கள். பக்கத்து ஊரான பிலதெல்பியாவிலோ ஆண்டவர் ஒரு குறையும் சொல்லாத சபை இருந்தது. அந்தச் சிலபேரை அங்கே மாறிப்போகச் சொன்னாரா? சொல்லவில்லை.

அதற்காக எதையும் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறொரு சுவிசேஷம் பிரசங்கிக்கிற இடத்தில் இருக்க வேண்டியதில்லை; கலாத்தியர் 1ஆம் அதிகாரம் தெளிவாகவே இருக்கிறது. பெண்களுக்கோ பிள்ளைகளுக்கோ பாதுகாப்பில்லாத இடத்தில் ஒரு ஞாயிறுகூட இருக்கக் கூடாது. 3 யோவானில் வருகிற தியோத்திரேப்பு மாதிரி, தானே முதல்வனாயிருக்க விரும்பி மற்றவர்களைச் சபையை விட்டுத் தள்ளுகிறவர்கள் இன்றும் வெள்ளை அங்கியோடும் கோட்டு சூட்டோடும் இருக்கிறார்கள். சந்தா பாக்கி என்று சொல்லி கல்யாண ஓலை வாசிக்க மறுப்பதற்கும், பிணத்தை வாசலில் காக்கவைப்பதற்கும் வேதத்தில் ஆதாரம் இல்லை; அப்படிச் செய்கிற கமிட்டிகள் அந்த வசனத்தை எனக்குக் காட்டட்டும். அப்படிப்பட்ட இடத்தை விட்டு வெளியேறலாம். ஆனால் வெளியேறி இன்னொரு சபைக்குள் போக வேண்டும்.

எந்தச் சபை? சி.எஸ்.ஐ.யா, மெதடிஸ்டா, பெந்தெகொஸ்தேயா, கத்தோலிக்கமா என்று பெயரைச் சொல்லி வேதம் கைகாட்டாது. காட்டுகிறது என்று அடித்துப் பேசுகிறவர் தன் கடைக்கு ஆள் பிடிக்கிறார். குழந்தை ஞானஸ்நானமா முழுக்கா என்ற வழக்கை இன்றைக்கு எடுத்தால் பக்கம் போதாது. அப்போஸ்தலர் 2:42ல் நான்கு காரியம் இருக்கிறது: அப்போஸ்தலருடைய உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். உபதேசம் ஒன்றுக்கு மட்டும் மார்க் போட்டுச் சபை தேடுவதால்தான் யூடியூபில் போய் நிற்கிறீர்கள்.

தமிழ்ச் சபைதான் வேண்டும் என்றும் இல்லை. எருசலேமிலேயே கிரேக்கு பேசுகிற விதவைகள் பந்தியில் கவனிக்கப்படாமல் விடப்பட்டு முறுமுறுப்பு உண்டானது, அப்போஸ்தலர் 6ல். அவர்களைத் தனிச் சபையாகப் பிரித்து அனுப்பவில்லை. பரிமாற ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். அம்மா தமிழில் ஜெபிக்க வேண்டும், பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசுகிற பிள்ளைக்குப் பிரசங்கம் புரியவும் வேண்டும். கார்கர், வாஷி, பன்வேல் பக்கம் தேடுங்கள், மெகா பிளாக்குக்குப் பயப்பட வேண்டாம். சி.எஸ்.ஐ., சி.என்.ஐ. (வட இந்தியத் திருச்சபை), மார்த்தோமா மூன்றும் ஒன்றுக்கொன்று திருவிருந்துப் பந்தியைப் பகிர்ந்துகொள்கிற சபைகள். நாசரேத்தில் உங்கள் குருவானவரிடம் ஒரு கடிதம் வாங்கினால் இங்கே வாசல் திறக்கும். மெகா பிளாக்கைப் பற்றி ஒரு வார்த்தை: சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று எபிரெயர் 10:25 யாருக்கு எழுதப்பட்டது என்றால், அதே அதிகாரம் 34ன்படி ஆஸ்திகள் கொள்ளைபோனவர்களுக்கு. அவர்களுக்கு டிரெயின் பிரச்சினை இல்லை, உண்மைதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் காணிக்கையைப் பற்றி. உபதேசிக்கிறவருக்குப் பகிர்ந்து கொடுப்பது கலாத்தியர் 6:6ன்படி சரிதான். ஆனால் எருசலேம் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தபோது பவுல் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூடவே வைத்துக்கொண்டார், ஒருவரும் குற்றம் சொல்லிவிடக் கூடாதே என்று (2 கொரிந்தியர் 8:19-21). சண்டைக்கார கமிட்டி என்றாலும் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று “போன வருட வரவு செலவு எங்கே?” என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சானலுக்கும் அதே கேள்வியை எழுதி அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.